கிடங்குக் கொல்லையில் முளைத்த மாஸ்

என் முழங்கால் வலிக்குக் காரணம் கேட்டால், எங்கள் ராயபுரம் பங்கில் எல்லோரும் மாதா கோயிலில் முட்டி போட்டுப் போட்டு வந்தது என்பார்கள். நானும் மறுத்ததில்லை. உண்மையில் அது சடையங்குப்பத்தின் வற்றிய குட்டைகளிலும், எண்ணூர்ப் பக்கத்துத் தண்டவாளச் சரிவுகளிலும் ஈர மண்ணில் முட்டி போட்டு, சமயத்தில் குப்புறப் படுத்து, கடுகைவிடச் சிறிய ஒரு செடியைத் தேடியதால் வந்த வலி. பக்தி என்று விட்டுவிட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும். மாஸ் என்கிற செடியைத் தேடி வந்தது என்று சொன்னால் விளக்க வேண்டும். விளக்கி விளக்கி எனக்கு அலுத்துவிட்டது.

சென்ற மாதம், நான் வேலை பார்த்த கல்லூரியின் தாவரவியல் துறையிலிருந்து ஓர் இளம் விரிவுரையாளர் என்னைப் பார்க்க வந்தாள். நல்ல பெண். காப்பியை ஆற்றிக்கொண்டே, "மேடம், உங்க எஃபிமெரேசி மாஸ் குடும்பமே இப்போ இல்ல, தெரியுமா? ஜீன் பார்த்து இன்னொரு பெரிய குடும்பத்தோட சேர்த்துட்டாங்க. சிலபஸ்லயும் ஒரு பாராதான் இருக்கு" என்றாள். சேர்த்துவிட்டுப் போகட்டும் என்றேன். அவள் விடவில்லை. "இத்தனூண்டு செடியில அப்படி என்ன மேடம் இருக்கு? எப்படி இத்தனை வருஷம் இதையே பார்த்துக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டாள். அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை. ஆனாலும் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. வாயால் பதில் சொல்லத் தெம்பில்லாததால் எழுதுகிறேன்.

முதலில் அந்தச் செடி. மாஸ் என்றால் மழைக்காலத்தில் சுவரில் வெல்வெட்டாகப் படர்வதைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். அந்த மாஸின் வித்து முளைத்ததும் முதலில் மெல்லிய பச்சை இழைகள் ஓடும். அவற்றுக்குப் புரோட்டோநீமா என்று பெயர். இழையில் மொட்டு விட்டுச் செடி எழுந்ததும் இழைக்கு வேலை முடிந்துவிடும், அழிந்துபோகும். என்னுடைய குடும்பத்தில் அப்படி இல்லை. அதில் இழைதான் கடைசிவரை நிற்கும், செடி பேருக்குத்தான். தண்டு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. கண்ணாடி போன்ற ஏழெட்டு இலைகள், அவற்றின் நடுவே காம்பில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஓர் உருண்டை வித்துப்பை, அவ்வளவுதான். மற்ற மாஸ்களின் வித்துப்பைக்கு மூடி உண்டு, மூடிக்குள் பல்வரிசை உண்டு, காற்று பார்த்து வித்தை வெளியே விடும் ஏற்பாடெல்லாம் உண்டு. இந்தப் பைக்குத் திறக்கவே வழியில்லை. பழுத்து, பழுப்பாகி, உளுத்துக் கிழிந்தால் பெரிய பெரிய வித்துகள் அதே மண்ணில் கொட்டும். மழையோடு முளைத்து, ஈரம் காய்வதற்குள் குடும்பக் காரியத்தை முடித்துக்கொண்டு போய்விடும். எங்கள் பக்கத்து ஆலைப் புகையில் மற்ற மாஸ்கள் கருகியபோது இது பிழைத்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். நிரூபித்ததில்லை.

ஒரு சங்கடம் உண்டு. பச்சை இழை மண்மேல் கம்பளி மாதிரி படிந்திருப்பதால் வெறும் கண்ணுக்கு இது மாஸ் என்றே தெரியாது. குளத்திலும் சாக்கடையிலும் நாலு நாள் ஈரத்தில் படர்கிறதே ஆல்கா, அது மாதிரியே இருக்கும்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். கான்வென்ட் பள்ளி, பிறகு பி.எஸ்ஸி., கடன் வாங்கி எம்.எஸ்ஸி. அறுபதுகளின் நடுவில், வடசென்னையில் ஒரு கல்லூரியில் டெமான்ஸ்டிரேட்டராகச் சேர்ந்தேன். மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு நடத்துவது, ஸ்லைடு தயாரிப்பது, மைக்ராஸ்கோப்பைத் துடைப்பது எல்லாம் என் தலையில் விழும். சம்பளம் விரிவுரையாளரைவிடக் குறைவு, திட்டு மட்டும் அவரைவிட அதிகம்.

திட்டியவர் எங்கள் துறைத் தலைவர் ராஜமாணிக்கம் சார். ஆல்காவில் கரை கண்டவர். எப்போதும் வெள்ளைச் சட்டை, பையில் மடக்கு லென்ஸ். அவரிடம் ஒரே ஒரு சட்டம்தான்: "வரை. அப்புறம் பேர் சொல்லு." எந்தச் செடியையும் பார்த்தவுடன் பெயர் சொன்னால் அவருக்குக் கெட்ட கோபம் வரும். ஸ்லைடு வைத்து, பார்த்ததைப் பென்சிலால் வரைந்து, வரைந்ததை மறுபடி ஸ்லைடோடு ஒப்பிட்டு, அதன் பிறகே வாயைத் திறக்கலாம். முதல் வருஷம் ஒருமுறை நான் ஓர் இலையைப் பார்த்ததும் பெயரைச் சொல்லிவிட்டேன். பெயர் சரிதான். இருந்தாலும் மாணவர்கள் முன்னாலேயே, "ஏம்மா, கண்ணால பார்த்தியா, ஞாபகத்தால பார்த்தியா?" என்று கேட்டார். நான் பாத்ரூமில் போய் அழுதேன்.

மாஸை எடுப்பதிலும் அவர் முறைதான். தழைச்செடி மாதிரி பிடுங்கி அழுத்தி வைக்கக் கூடாது. பேனாக்கத்தியை மண்ணுக்குள் சாய்த்து விட்டு, மேல்மண்ணைப் பொரித்த அப்பளம் மாதிரி உடையாமல் எடுக்க வேண்டும். நியூஸ் பேப்பரில் பொட்டலம் மடித்து, இடத்தை அப்போதே மேலே எழுத வேண்டும். லேபில் வாட்ச் கிளாஸ் என்ற குழிந்த கண்ணாடித் தட்டில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காத்திருந்தால், சுருண்ட இலைகள் தாமாக விரியும். பிறகு இரண்டு ஊசிகளால் இழையைப் பிரித்து, மேலே மெல்லிய கவர் ஸ்லிப் கண்ணாடி போட்டு, ஜன்னலோரம் மைக்ராஸ்கோப்பின் அடிக்கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடிக்க வேண்டும். கரண்ட்டை நம்பி நாங்கள் எதுவும் செய்ததில்லை.

இவ்வளவு சட்டம் பேசிய மனிதர் ஒரே ஒரு நாள் அதை மீறினார்.

தை மாதக் கடைசி. வகுப்பு மணி அடித்து, சார் வராந்தாவில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். நான் ஸ்லைடு பெட்டியோடு பின்னால் போனேன். எதிரே சுந்தர் வந்தான். எங்களிடம் பி.எஸ்ஸி. படித்துவிட்டு, தாவரவியலுக்கு வேலை கிடைக்காமல், திருவொற்றியூரில் ஓர் உலோகக் கிடங்கில் ஸ்டோர் அதிகாரியாகச் சேர்ந்திருந்தான். கையில் தீப்பெட்டி, அதற்குள் பச்சை படிந்த ஒரு சிட்டிகை மண்.

"சார், இது என்னன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார். அவசரம்."

சார் நடந்துகொண்டே லென்ஸை வைத்துப் பார்த்தார். "ஆல்காப்பா. ஈரம் பட்டா நாலு நாள்ல வந்துடும்" என்றார். தீப்பெட்டியை என் பெட்டிமேல் வைத்துவிட்டு வகுப்புக்குள் நுழைந்துவிட்டார். சுந்தர் நன்றி சொல்லிவிட்டுப் போனான். நானும் தீப்பெட்டியை லேப் மேசையில் போட்டுவிட்டு மறந்துபோனேன்.

அந்த வாரம் கன்னியம்மா வேலைக்கு வரவில்லை. கன்னியம்மா எங்கள் லேபில் கண்ணாடிச் சாமான்கள் கழுவுகிறவள். வியாசர்பாடிக்காரி. வாய் ஓயாது, கையும் ஓயாது. லீவு போடுகிற வழக்கமே அவளுக்குக் கிடையாது. அடுத்த வாரம் வந்தபோது முகம் வீங்கியிருந்தது.

"எங்கூட்டுக்காரர திருடன்னு சொல்லிக்கினு கீறாங்கோ மிஸ்" என்று உடைந்துபோய் அழுதாள்.

அவள் புருஷன் ஏழுமலை, சுந்தர் வேலை பார்த்த அதே கிடங்கில் காவலாள். வருஷக்கணக்காக முன் கேட்டில் நின்றவர். பொங்கலுக்குப் பிறகுதான் பின்பக்கக் கொல்லைக்கு மாற்றியிருந்தார்கள். அந்தக் கொல்லையில் மண்ணைக் கிண்டி மூடிய தடம் ஒன்று தெரிய, தோண்டிப் பார்த்தால் கோணிக்குள் செம்புக் கம்பிகள். யாரோ திருடிப் புதைத்து வைத்து, சமயம் பார்த்து எடுத்துப்போகக் காத்திருந்திருக்கிறார்கள்.

"உன் வீட்டுக்காரர்தான் புதைச்சாருன்னு எப்படிச் சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"அந்த மண்ணு மேல பச்சையா பாசி கீதாம் மிஸ். அது நாலு நாள்ல வர்ற பாசின்னு காலேஜு வாத்தியாரு ஒருத்தரே சொல்லிட்டாராம். அப்போ பொங்கலுக்கு அப்பால பொதச்சதுதானாம், இவுரு காவல்லதானாம். விசாரண முடிஞ்சதும் போலீஸ்ல குடுத்துருவாங்களாம். எந்தக் கஸ்மாலம் மிஸ் அந்த வாத்தியாரு? அவன் வூட்ல சோறு துன்றானா, இன்னா துன்றான்?"

சுந்தரின் தீப்பெட்டி நினைவுக்கு வந்தது. அந்த வாத்தியார் பக்கத்து அறையில் ஹாஜர் எடுத்துக்கொண்டிருந்தார்.

மேசையில் தீப்பெட்டி கிடந்தது. அந்த மண்ணை வாட்ச் கிளாஸில் நனைத்தேன். மேல் இழைகளை எடுத்துப் பார்த்தால் ஆல்காதான் என்று நானும் சொல்லியிருப்பேன். செல்களின் குறுக்குச் சுவர்கள் நேராக இருந்தன. சார் சொன்னது சரி என்றால் ஏழுமலையின் கதை முடிந்தது. ஊசியால் மண்ணை ஒட்டி ஓடிய அடி இழைகளைப் பிரித்தேன். இரண்டு முறை அறுந்துபோயின. மூன்றாவது இழையைக் கவர் ஸ்லிப்புக்குக் கீழே கொண்டுவந்து பார்த்தேன். அதில் குறுக்குச் சுவர்கள் சாய்வாக இருந்தன, வாழைக்காயைச் சாய்த்து நறுக்கினாற்போல. ஆல்காவில் இப்படி வராது. இது மாஸின் புரோட்டோநீமா. வரைந்தேன். ஒப்பிட்டேன். பிறகு பயந்தேன். ஆல்காவில் கரை கண்ட மனிதரிடம் போய், "நீங்கள் சொன்னது ஆல்கா இல்லை" என்று எந்த வாயால் சொல்வது?

வகுப்பு முடிந்து வந்தவரிடம், "சார், ஒரு ஸ்லைடு வெச்சிருக்கேன், பாருங்க" என்று மட்டும் சொன்னேன். குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் தலையை நிமிர்த்தவில்லை. "இது எங்கேருந்து வந்தது?" என்றார். தீப்பெட்டியைக் காட்டி, கன்னியம்மா சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். பென்சிலைச் சீவினார். என் படத்தைக் கேட்கவில்லை. தானே உட்கார்ந்து, முதல் வருஷ மாணவன் மாதிரி, அந்த இழையை ஒரு செல் விடாமல் வரைந்தார். வரைந்து முடித்ததும், "கன்னியம்மாவைக் கூப்பிடு" என்றார்.

அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அந்த வாத்தியார் நான்தாம்மா" என்றார் சார்.

கன்னியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை இன்றைக்கும் தாங்க முடியவில்லை. பிறகு, "நல்லாப் பாத்து சொல்லு சார். எனக்குப் புள்ளைங்க கீது" என்றாள்.

மாஸ் என்று தெரிந்தது மட்டும் போதாது. புரோட்டோநீமா பொங்கலுக்குப் பிறகு கிண்டிய மண்ணிலும் வந்திருக்கலாம். மழைக்காலத்திலேயே முளைத்து அசையாமல் இருந்த மண் என்றால் செடி வந்திருக்க வேண்டும், வித்துப்பை பழுத்திருக்க வேண்டும். அதைத் தீப்பெட்டி மண் சொல்லாது, இடத்தில்தான் பார்க்க முடியும். அன்று மதியமே டோல்கேட்டில் பஸ் பிடித்தோம்.

கிடங்குக் கொல்லையைப் பார்த்ததும் எனக்குச் சீ என்று போய்விட்டது. மறுநாள் பெரிய அதிகாரி யாரோ வருகிறார் என்று தரை முழுக்கச் சுண்ணாம்புத் தூள் தூவி வைத்திருந்தார்கள். நம் ஊரில் எந்த அதிகாரி வந்தாலும் முதலில் தூவுவது அதைத்தான். கம்பி எடுத்த குழியைச் சுற்றி வெள்ளை வெளேர் என்று இருந்தது. சுண்ணாம்பு பட்ட இடத்தில் மாஸைத் தேடிப் பயனில்லை. சுந்தர் குற்றவாளி மாதிரி கையைப் பிசைந்தான்.

"கிண்டின மண்ணு எதுவரைக்கும்?" என்று சார் கேட்டார்.

"சுவர் வரைக்கும் சார். எங்கெல்லாம் கரித்துண்டு மேல தெரியுதோ, அதெல்லாம் கிண்டினது. இங்க அடியில பழைய நிலக்கரிச் சாம்பல் இருக்கு சார். தோண்டினாத்தான் மேல வரும்."

சுவரோரம், தண்ணீர்த் தொட்டி கசியும் இடத்தில், ஒரு சாண் அகலத்துக்குச் சுண்ணாம்பு விழாமல் தப்பியிருந்தது. சார் தன் வெள்ளைச் சட்டையோடு அந்தச் சகதியில் குப்புறப் படுத்தார். கிடங்கு ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கத்தியைச் சாய்த்து ஒரு மண்தகடு எடுத்தார். வெறும் பச்சை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார், காத்திருந்தார், லென்ஸில் பார்த்தார். என்னிடம் நீட்டினார்.

"நான் என்ன பார்த்தேன்னு சொல்ல மாட்டேன். நீ பார்த்ததைச் சொல்லு."

நானும் சகதியில் முட்டி போட்டேன். இலைகள் அப்போதுதான் விரிந்துகொண்டிருந்தன. "உருண்டை சார். பழுப்பா இருக்கு. இலைக்கு நடுவுல உட்கார்ந்திருக்கு. காம்பு இல்ல. மூடி இல்ல. ஒண்ணு ரெண்டு கிழிஞ்சே போச்சு சார்."

"அடியில?"

"கரித்துண்டு சார். இழை அதைச் சுத்திப் பின்னியிருக்கு. எங்கேயும் அறுபடல."

கிண்டிய மண்தான். அதன் மேலேயே மாஸ் முளைத்து, பழுத்து, கிழியவும் தொடங்கியிருந்தது. சார் எழுந்து லென்ஸைச் சுந்தரிடம் கொடுத்தார். "மழைக்காலத்துல முளைச்சு, இத்தனை நாளும் அசங்காம இருந்திருக்கு. பொங்கலுக்கு அப்புறம் யாராவது மண்வெட்டி போட்டிருந்தா இது இப்படி இருக்காது."

"அப்போ பொதச்சது யாரு சார்?"

"அது மாஸுக்குத் தெரியாது."

மேனேஜர் அறையில் விசாரணைக்காரர்கள் முன் சார் சகதிச் சட்டையோடு நின்றார். மேனேஜர் நக்கலாகவே கேட்டார், "போன வாரம் ஆல்கா, இந்த வாரம் மாஸா புரொஃபசர்? அடுத்த வாரம் தென்னமரமா?" எல்லோரும் சிரித்தார்கள்.

"போன வாரம் பார்க்காம சொன்னேன். இந்த வாரம் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார் சார்.

அவர் சொன்னதை எழுதிக்கொண்டிருந்த சுந்தர் அவர் காதருகே குனிந்து, "சார், அப்படியே எழுதினா உங்க பேருக்குக் கெடுதல்" என்றான். "எழுதிக்கோ" என்றார். எனக்கு அவர்மேல் அன்றைக்கு வந்த மரியாதை பிறகு குறையவே இல்லை. அதற்குப் பிறகு வராந்தாவில் யார் எதை நீட்டினாலும், "மேசைக்கு வா" என்று மட்டுமே சொல்வார். ஆனால் அன்று சிரித்தவர்களின் சிரிப்பு ஊரெல்லாம் பரவியது. மற்றக் கல்லூரிகளில் சிலர் வெகுநாள் அவரைத் தென்னமரம் என்றே குறிப்பிட்டார்கள். அதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தார். அவருக்கு வயதாகிவிட்டது என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

ஏழுமலைமீது குற்றமில்லை என்று முடிவானது. புதைத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை, யாரும் பெரிதாகத் தேடவும் இல்லை. சில நாள் கழித்துக் கன்னியம்மா அவரைச் சாரிடம் அழைத்து வந்தாள். நெட்டையான, ஒடுங்கிய மனிதர். கும்பிட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தார். சார் அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, மைக்ராஸ்கோப்பில் அந்த வித்துப்பையைக் காட்டினார். ஏழுமலை ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"இதுவா சார்?"

"இதுதாம்ப்பா."

"நான் எடுக்கலன்னு அத்தினி தபா சொன்னேன் சார். புள்ளைங்க மேல சத்தியம் பண்ணேன். கால்ல வுய்ந்தேன். ஒருத்தனும் நம்பல. இம்மாத்தூண்டு கீது, வாயில்ல, மூக்கில்ல. இது சொன்னா மட்டும் நம்பிட்டாங்கோ."

சார் மைக்ராஸ்கோப்பிலிருந்து ஸ்லைடை எடுத்து வைத்தார். ஜெயித்துவிட்டோம் என்று அதுவரை உள்ளுக்குள் கொண்டாடிக்கொண்டிருந்தது எனக்கே வெட்கமாக இருந்தது. கன்னியம்மாதான், "வாய்யா, சாருக்கு வேல கீது" என்று அவரைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

ஏழுமலை அதே கிடங்குக்கு வேலைக்குத் திரும்பினார். போகாமல் என்ன செய்வார்? மறுபடி முன் கேட்டிலேயே போட்டார்கள். வேலை விட்டுப் போகிறவர்களின் மடியையும் பையையும் தடவிப் பார்த்து அனுப்புவதுதான் அங்கே அவருக்கு வேலை. ஒரு நாள் சிங்க்கில் ஸ்லைடு கழுவிக்கொண்டே கன்னியம்மா சொன்னாள். அழவில்லை, குரலும் உயரவில்லை.

"இப்பெல்லாம் அவுரு டூட்டி முடிஞ்சு வெளிய வரசொல்ல, ரெண்டு கையையும் தூக்கிக்கினு நிக்கிறாராம் மிஸ். சோதன பண்ணுங்கன்னு. மாத்தல் டூட்டிக்கு வர்ற ஆளு வோணாம்ணே வோணாம்ணேன்னு கெஞ்சுறானாம். தடவிப் பாக்குற வரைக்கும் கைய எறக்க மாட்டேங்குறாராம்."